ட்ராக்குக்குப் போகும் முன் காலையும் கண்ணையும் பழக்குங்கள்

நெல்லைப் பக்கத்திலிருந்து கார் ரேஸ் ட்ராக்கில் ஓட்டும் பயிற்சிக்குப் போவதென்றால் கோயம்புத்தூர் கரி ஸ்பீட்வே, இல்லாவிட்டால் ஸ்ரீபெரும்புதூர் பக்கத்து இருங்காட்டுக்கோட்டை. அவ்வளவு தூரம் போய், பழைய பழக்கத்தோடு மல்லுக்கட்டியே பொழுதைக் கழிக்கக் கூடாது. ஒரு மாதம் முன்பே, தினமும் ஓட்டும் ரோட்டில், 40 கி.மீ. வேகத்திலேயே திருத்தத் தொடங்குங்கள். வாரத்துக்கு ஒரு பழக்கம் போதும்.

முதலில் சீட். முதுகு சீட்டில் ஒட்டியிருக்க, நீட்டிய கையின் மணிக்கட்டு ஸ்டீயரிங்கின் உச்சியில் படவேண்டும். பிரேக்கை முழுக்க மிதித்தாலும் முழங்கால் சற்று மடங்கியே இருக்கவேண்டும். நீண்டுபோன காலால் பலமாக மிதிக்க வராது.

கைகள் கடிகாரத்தின் 9, 3 இடத்தில். கியர் லீவர்மேல் இடது கையைப் போட்டு ஓட்டுகிறவர்கள், ஆடி மாதம் பணகுடி பக்கம் நாலுவழிச்சாலையில் லாரியைத் தாண்டிப் பார்க்கட்டும். லாரி மறைவு விலகியதும் மேல்காற்று வண்டியைத் தள்ளும். ஒற்றைக் கை எவ்வளவு தாமதம் என்பது அங்கேயே தெரியும்.

வண்ணார்பேட்டை நெரிசலில் கிளட்ச்மேலேயே கிடந்து பழகிய இடது காலை, அதற்கு இடப்பக்கம் கால் ஊன்றுவதற்கென்றே இருக்கும் டெட் பெடலுக்கு மாற்றுங்கள். கிளட்ச் பேரிங் தேயாமல் இருப்பது ஒரு லாபம். அதைவிடப் பெரிது, வளைவில் உடம்பைத் தாங்குவது அந்தக் கால்தான். அது ஊன்றாவிட்டால் ஸ்டீயரிங்கைப் பிடித்துத் தொங்குவீர்கள்; அப்புறம் முன் டயர் சொல்வது கைக்கு எட்டாது.

பிரேக்கில்தான் அதிக நாள் பிடிக்கும். தொட்டுத் தொட்டு வந்து, கடைசியில் அழுத்தி நிறுத்துவது ரோட்டுப் பழக்கம். ட்ராக்கில் இது தலைகீழ்: வண்டி நேராக இருக்கும்போதே உதைக்காமல், ஆனால் சட்டென்று அழுத்தத்தைக் கூட்டுங்கள். எடை முன்னுக்கு வந்து முன் டயர் கவ்வும். பிறகு ஸ்டீயரிங் திரும்பும் அளவுக்கு ஏற்பப் பிரேக்கை மெல்ல விட்டுக்கொண்டே வரவேண்டும். டயருக்குப் பிடிப்பு ஓரளவுதான். பிரேக்குக்கே எல்லாம் போய்விட்டால் திரும்புவதற்கு மிச்சம் இருக்காது. சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ் வேலை செய்யும்போது பெடல் அதிரும், பயந்து காலை எடுக்காதீர்கள்.

வளைவு நடுவில் பயந்து ஆக்சிலேட்டரைச் சட்டென்று விடுவது இதைவிட மோசம். பின்பக்கம் லேசாகி, முன்சக்கர இழுவை கார்கூடச் சுழன்றுவிடும். வேகத்தைப் பெரும்பாலும் வளைவுக்கு முன்பே குறைத்துவிட்டால் காலை எடுக்கவேண்டிய அவசியமே வராது. பாபநாசம் மலைப்பாதையில் உங்கள் லேனுக்குள்ளேயே, நிதானமாக, இதைப் பழகலாம். ட்ராக்கில் போவதுபோல் ரோட்டின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரத்துக்கு அறுத்துப் போவது மட்டும் கூடவே கூடாது. எதிரே பஸ் வரும்.

60 கி.மீ.யில் வண்டி வினாடிக்கு 17 மீட்டர் ஓடுகிறது. ஆகவே பானட் முனையைப் பார்க்காமல் வளைவு முடியும் இடத்தைப் பாருங்கள். தலையும் சேர்ந்து திரும்பட்டும்.

இன்னொன்று, வண்டியை நிறுத்தியதும் ஹேண்ட்பிரேக் இழுக்கும் கை. ட்ராக்கில் கடைசிச் சுற்றைப் பிரேக் அதிகம் தொடாமல் மெதுவாக ஓட்டி ஆறவிட்டு, முதல் கியரில் போட்டு, சக்கரத்துக்குக் கட்டை வைத்து நிறுத்துங்கள். பிரேக் சூடாக இருக்கும்போது ஹேண்ட்பிரேக் போட்டால் பேட் டிஸ்க்கில் ஒட்டிக்கொள்ளக்கூடும்.