மாசியில் திரும்பும் நீரோட்டம்

நாகப்பட்டினம், தரங்கம்பாடிக் கடலில் காற்றும் நீரோட்டமும் ஒன்றாகத் திசை மாறுவதில்லை. இந்த இடைவெளியைத்தான் கவனிக்க வேண்டும்.

ஐப்பசி முதல் மார்கழி வரை குழப்பமில்லை. வாடைக்காற்றும் கரையோர நீரோட்டமும் தெற்கே போகும். கங்கை, கோதாவரி, கிருஷ்ணா கொட்டிய நன்னீர் கலந்து வருவதால் மேல்நீரில் உப்பு குறையும். மார்கழி, தையில் நீர் 26–27 டிகிரிக்கு இறங்கும்.

மாசிதான் சிக்கல். நீரோட்டம் வடக்கே திரும்பத் தொடங்கிவிடும். வாடை முழுதும் ஓய்ந்திருக்காது. காற்றை எதிர்த்து நீர் ஓடினால் அலை குட்டையாகவும் செங்குத்தாகவும் எழும். ஃபைபர் படகுக்கு இது மோசமான கடல். வலை ஒருபக்கமும் படகு ஒருபக்கமும் இழுபடும். அதனால் வலை விடுமுன் நங்கூரம் போட்டு, கழுத்து மட்டும் வெளியே தெரியுமளவு தண்ணீர் நிரப்பிய பாட்டிலைக் கயிறு கட்டி விடுங்கள். பாட்டில் காலியாக இருந்தால் காற்றுதான் அதைத் தள்ளும், கணக்கு தப்பும். நிமிடத்துக்கு 30 மீட்டர் போனால் நீரோட்டம் ஏறக்குறைய ஒரு நாட் (மணிக்கு ஒரு கடல்மைல் வேகம்).

பங்குனி, சித்திரையில் வடக்கோட்டம் வலுக்கும். நீர் 30 டிகிரியை எட்டும். ஆனி, ஆடியில் தென்மேற்குக் காற்று மேல்நீரைக் கரையிலிருந்து விலக்குவதால் அடியிலுள்ள குளிர்நீர் மேலேறும்.

கோடியக்கரைக்குத் தெற்கே இந்தக் கணக்கை அப்படியே நம்பாதீர்கள். பாக் விரிகுடா ஆழமற்றது.

மணலும் ஆண்டின் பெரும்பகுதி வடக்கே நகர்கிறது. கோடையில் ஆறு வற்றியதும் முகத்துவாரத்தில் மணல்திட்டு அடைக்கும். கல்தடுப்பு கட்டினால் தென்புறம் மணல் சேரும், வடபுறக் கரை அரிக்கும். வடக்கே உள்ள குப்பத்தையும் கணக்கில் எடுக்காமல் கல் கொட்டவே கூடாது.