ஊதுறதா, அமுக்குறது மட்டும் போதுமா

நெஞ்சு நின்னு விழுந்தவங்கள காப்பாத்துற சிபிஆர் முதலுதவிய எங்க வாலண்டியர் பசங்களுக்கு சொல்லிக்குடுக்க, ட்ரெய்னர் சார் போன்ல ரெண்டே வழி தான் சொன்னாரு. ஒன்னு, அத்தன பசங்களுக்கும் ஒரே மதியத்துல நெஞ்ச அமுக்குறது மட்டும் சொல்லிக்குடுப்பாங்க, காசு கிடையாது, கலந்துக்கிட்டதுக்கு ஒரு பேப்பர் வரும். இல்லாட்டி ஆறு பேர மதுரைக்கு அனுப்பணும், வாய் வச்சு ஊதி மூச்சு குடுக்குறது, நெஞ்சுக்கு ஷாக் குடுக்குற ஏஈடி மிஷின் எல்லாம் சேத்து பரீட்சை வச்சு, ரெண்டு வருசம் செல்லுற அமெரிக்கன் ஹார்ட் அசோசியேஷன் கார்டு, ஆனா தலைக்கு பீஸ் கட்டணும். நான் மொதல் வழிய எடுத்தேன். சரியா தான் எடுத்தேனான்னு இன்னும் மனசுக்குள்ள ஓடிக்கிட்டே இருக்கு.

காரணம் இல்லாம எடுக்கல. எங்க வாலண்டியர் பசங்க தங்கச்சிமடத்துல இருந்து தனுஷ்கோடி வரைக்கும் சிதறி கெடக்காங்க, பாதி பேரு கடலுக்கு போறவங்க. ஆறு பேருக்கு மட்டும் கத்துக்குடுத்தா, கரையில ஒருத்தன் விழுற நேரத்துல அந்த ஆறு பேரும் வடகடல்ல வலையோட நிப்பாங்க. தனுஷ்கோடி கடைசியில இருக்குற அரிச்சல்முனையில இருந்து ராமேஸ்வரம் ஊருக்குள்ள வரவே இருபது கிலோமீட்டர் ஆகுது, 108 எவ்ளோ வேகமா வந்தாலும் நெஞ்சு நின்னவனுக்கு இருக்குறது சில நிமிசம் தான். அதனால நெறைய கை வேணும்னு நெனச்சேன்.

ட்ரெய்னிங் நல்லா தான் போச்சு. நெஞ்சுக்கு நடுவுல கைய வச்சு அஞ்சு சென்டிமீட்டராவது எறங்கணும், நிமிசத்துக்கு 100ல இருந்து 120 தடவ. ஆழம் சரியா போனா, பழகுறதுக்கு வச்சிருந்த ஆள் பொம்மைக்குள்ள டக்குனு ஒரு சத்தம் வரும், பசங்க அந்த சத்தத்துக்காகவே வேர்க்க வேர்க்க அமுக்குனாங்க. அப்ப தான் நாட்டுப்படகுல போற ஒரு தம்பி, பொம்மையோட வாய கைலி நுனியால தொடச்சுட்டு, தலைய நிமித்தி ஊதப்போனான்.

சார் தடுத்தாரு. "அது வேண்டாம் தம்பி, வாய் வைக்க ஜனங்க தயங்குவாங்க, தயங்கி சும்மா நிக்கிறதுக்கு அமுக்குறதே மேல்."

"எங்களுக்கு தயக்கம் இல்ல சார். கரைக்கு தூக்கிட்டு வர்றது எங்காளு தான."

சார் என்னைய பாத்தாரு. நான், "இன்னைக்கு இத மட்டும் பழகுவோம்ப்பா"ன்னேன். அவன் ஒன்னும் பேசல, எந்திரிச்சு அடுத்தவனுக்கு எடம் விட்டான்.

சார் சொன்னதுலயும் தப்பு இல்ல. 2017ல நம்ம நாட்டு மயக்க மருந்து டாக்டர்கள் சங்கம் பொதுமக்களுக்குன்னு போட்ட வழிமுறையே அமுக்குறது மட்டும் தான். மாரடைப்புல திடீர்னு சாயுறவனுக்கு ரத்தத்துல கொஞ்ச நேரத்துக்கு ஆக்சிஜன் இருக்கும், அத ஓட வச்சா போதும். ஆனா தண்ணிக்குள்ள போனவனுக்கு மொதல்ல தீர்றதே மூச்சு, அப்புறம் தான் நெஞ்சு நிக்குது. அதனால தான் முங்குனவனுக்கு ஊதுறதுல இருந்து ஆரம்பிக்கணும்னு அமெரிக்காக்காரன் 2024லயும் சொல்லியிருக்கான், ஐரோப்பாவுல மொதல்லயே அஞ்சு தடவ ஊத சொல்றாங்க. அந்த தம்பி இதெல்லாம் படிச்சிருக்க மாட்டான், அவன் கேட்டது சரி.

இன்னொரு பக்கமும் யோசிக்கிறேன். அக்னி தீர்த்தத்துல குளிச்சுட்டு ஈர துணியோட கோயிலுக்குள்ள 22 தீர்த்தத்துக்கும் வரிசையில நிக்கிற வயசானவங்க சுருண்டு விழுந்தா, பசங்க கத்துக்கிட்டது அப்படியே உதவும். அங்க ஏஈடி இருந்தா இன்னும் நல்லது, நெஞ்சு ஈரத்த தொடச்சுட்டு பேட் ஒட்டணும், மிஷினே பேசி சொல்லும். முங்குனவனுக்கு பெரும்பாலும் அந்த மிஷின் ஷாக் வேண்டாம்னு தான் சொல்லும், அங்க மூச்சு தான் மருந்து.

அந்த மதியம் வீண்னு சொல்ல மாட்டேன். தலைகீழா தூக்கி சுத்துறது, வயித்த அமுக்கி தண்ணி எடுக்குறது ரெண்டும் கூடாதுன்னு பசங்களுக்கு புரிஞ்சுது, அதுவே பெருசு. ஆனா கடக்கரையில கூட்டி வச்சு கடலுக்கு வேண்டியத விட்டுட்டு மத்தத சொல்லிக்குடுத்த மாதிரியும் தோணுது, இல்ல ஒன்னுமே இல்லாம இருந்ததுக்கு இது எவ்வளவோ மேல்னும் தோணுது, ரெண்டும் மாறி மாறி வருது.

இப்ப மதுரைக்கு அனுப்ப பீஸுக்கு ஆள் தேடிட்டு இருக்கேன். லிஸ்ட்ல மொத பேரு அந்த தம்பி தான், கேட்டதுக்கு, "நான் மட்டும் போயி என்னண்ணே, எங்க வல்லத்துல நாலு பேரு இருக்கோம்"ங்குறான்.