பல் ப்ளீச்சிங்: போனில் சொல்லும் தொகையை நம்பிப் போகாதீர்கள்

பல் வெண்மையாக்க எவ்வளவு ஆகும் என்று கிளினிக்குக்குப் போன் போட்டுக் கேட்டால் ஒரு தொகை சொல்வார்கள். அது பெரும்பாலும் பல்லை வெளுக்கும் ஜெல் பூசுவதற்கு மட்டும். பரிசோதனை, எக்ஸ்ரே, ஸ்கேலிங் (படிந்த காரையைச் சுரண்டி எடுப்பது), பல் கூச்சத்துக்கான மருந்து எல்லாம் தனித்தனி வரியாகப் பில்லில் வந்து உட்காரும். எனக்கு அப்படித்தான் வந்தது. "நீங்க கேட்டிருந்தா சொல்லியிருப்போமே" என்று கவுன்ட்டரில் பதில். ஆகவே கேட்டுவிடுங்கள்: தொகை ஒரு சிட்டிங்குக்கா, மொத்தத்துக்கா? மேல் வரிசை, கீழ் வரிசை இரண்டும் சேர்த்தா? ஸ்கேலிங் உள்ளடக்கமா? பதிலை எழுத்தில் வாங்குங்கள்.

ஸ்கேலிங்கைத் தவிர்க்க முடியாது. பல்லின் மேல் காரை படிந்திருந்தால் ஜெல் எனாமலைத் தொடாது. ஆனால் ப்ளீச்சிங்குக்கு முன்பணம் கட்டுவதற்கு முன்பே ஸ்கேலிங், பாலிஷ் மட்டும் செய்துகொண்டு கண்ணாடி பாருங்கள். டீ, காபி, புகையிலைக் கறை மேலோட்டமானதாக இருந்தால் அதிலேயே போய்விடும். சிலருக்கு மீதிச் செலவே தேவைப்படாது.

பணம் அதிகம் வீணாவது முன்பற்களில் ஃபில்லிங், கேப், வெனீர் (பல்லின் முன்பக்கம் ஒட்டும் மெல்லிய தகடு) இருப்பவர்களுக்கு. ஜெல்லில் உள்ள பெராக்சைடு இயற்கைப் பல்லின் நிறத்தைத்தான் மாற்றும். இவை பழைய நிறத்திலேயே நிற்கும், வெளுத்த பல்லுக்குப் பக்கத்தில் பளிச்சென்று தெரியும். மாற்ற வேண்டியிருந்தால் முதலில் ப்ளீச்சிங், பிறகு இரண்டு வாரம் இடைவெளி, அதன் பிறகே புது ஃபில்லிங். வெளுத்த கையோடு வைத்தால் எனாமலில் தங்கியிருக்கும் ஆக்ஸிஜன் ஒட்டும் பசையைச் சரியாக இறுகவிடாது. நிறமும் இன்னும் நிலைத்திருக்காது. "ஒரே நாளில் முடித்துவிடலாம்" என்று என்னிடமும் சொன்னார்கள். மறுத்துவிட்டேன், இதில் நான் ஜெயித்த ஒரே இடம் அதுதான். ரூட் கெனால் செய்து கறுத்த பல் இருந்தால் அதற்கு வழி வேறு: பின்பக்கம் திறந்து உள்ளே மருந்து வைத்து வெளுக்க வேண்டும். அதுவும் தனிக் கட்டணம்.

நாற்காலியில் உட்காரவைத்துச் செய்வதில் சுமார் 25 முதல் 40 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடு. ஈறுக்குத் தடுப்பு போட்டு, 15, 20 நிமிடமாகச் சில சுற்றுகள். வீட்டு முறையில் உங்கள் பல்லுக்கு அளவெடுத்த ட்ரேயில் 10 முதல் 16 சதவீத கார்பமைடு பெராக்சைடு, இரவில் இரண்டு வாரம் போல. 10 சதவீத கார்பமைடு கொடுப்பது ஏறக்குறைய 3.5 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடுதான். ஆனால் மணிக்கணக்கில் பல்லில் இருப்பதால் கடைசியில் ஏறக்குறைய அதே வெண்மைக்கு வந்து சேரும். நாற்காலி முறைக்குக் கூடுதலாக நீங்கள் கொடுப்பது பெரும்பாலும் டாக்டரின் நேரத்துக்கான விலை. அவசரம் இல்லையென்றால் ட்ரே போதும். நீல விளக்கு, லேசர் என்று பெயர் ஏற ஏற விலையும் ஏறும். அந்த வெளிச்சம் நீடித்த பலனைக் கூட்டும் என்பது உறுதியாக நிரூபணமாகவில்லை.

சிட்டிங் முடிந்ததும் காட்டும் கண்ணாடியை நம்பாதீர்கள். வாயைத் திறந்தே வைத்திருந்ததில் பல் உலர்ந்து, உண்மையைவிட வெளுப்பாகத் தெரியும். சில நாளில் கொஞ்சம் இறங்கும். தொடங்கும் முன், பல் நிறத்தை ஒப்பிடும் ஷேட் அட்டையைப் பல்லுக்குப் பக்கத்தில் வைத்து ஒரு போட்டோ எடுக்கச் சொல்லுங்கள், இரண்டு வாரம் கழித்து அதே வெளிச்சத்தில் இன்னொன்று. இரண்டாவது சிட்டிங் வேண்டுமா என்பதை அந்தப் படத்தைப் பார்த்து முடிவு செய்யுங்கள், நாற்காலியில் இருந்தபடி அல்ல. மஞ்சள் நிறம் சீக்கிரம் வெளுக்கும். டெட்ராசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக் மாத்திரையால் வந்த சாம்பல் பட்டைகளுக்கு மாதக்கணக்கில் ட்ரே போட வேண்டியிருக்கும்; அதற்கு இரண்டு சிட்டிங் பேக்கேஜ் வாங்குவது தண்டம்.

இன்ஷூரன்ஸ் இதை அழகுச் சிகிச்சை என்று பெரும்பாலும் தள்ளிவிடும். ஆனால் பாலிசியைப் பொறுத்து ஸ்கேலிங், ஃபில்லிங் கிடைக்கலாம். "வெண்மையாக்கல் பேக்கேஜ்" என்று ஒரே வரியில் பில் போட்டால் அதுவும் சேர்ந்து போய்விடும். பணம் கட்டிய பின் பிரித்துத் தரச் சொன்னால் முகம் சுளிப்பார்கள், முன்பே சொல்லிவிடுங்கள்.

கூச்சத்துக்கு 5 சதவீத பொட்டாசியம் நைட்ரேட் உள்ள பேஸ்ட்டை இரண்டு வாரம் முன்பே தொடங்குங்கள். அப்படியும் கூசினால் ஒரு நாள் விட்டு ஒரு நாள் ட்ரே போடலாம். ட்ரேயின் ஒவ்வொரு குழியிலும் ஒரு சொட்டு ஜெல் போதும்; வழிந்தால் ஈறு வெளுத்து எரியும், ஜெல்லும் சீக்கிரம் தீரும். ட்ரேயை வெந்நீரில் கழுவினால் நெளிந்துவிடும், மறுபடி அளவெடுக்கக் காசு. பத்திரமாக வைத்திருந்தால் பின்னாளில் நிறம் மங்கும்போது ஜெல் சிரிஞ்சு மட்டும் வாங்கினால் ஆயிற்று. வாங்கும்போது அதன் காலாவதித் தேதியைப் பாருங்கள். பழைய ஜெல்லில் வீரியம் இருக்காது.