கரும்புள்ளிக் குருவி

ஒன்பதாம் வகுப்பில் எங்கள் வகுப்புச் சஞ்சிகையை ரோனியோவில் அடித்தோம்; ஸ்டென்சில் தாளில் எழுதியதைப் பல படிகள் எடுக்கும் இயந்திரம் அது. கையெழுத்து நன்றாக இருந்ததால் எழுதும் வேலை எனக்கு. படம் போடும் வேலையை ஆசிரியர் புதிதாகச் சேர்ந்திருந்த ஒருவனிடம் கொடுத்தார். அவன் வந்து ஒரு தவணை முடிந்திருந்தது. வகுப்பில் யாரும் அவனோடு சரியாகப் பேசியதில்லை. நானும்தான். இப்போதும் அதை நினைத்தால் மனம் குறுகுறுக்கிறது.

ஸ்டென்சில் தாளில் எழுதியவர்களுக்குத் தெரியும். மெழுகு பூசிய மெல்லிய தாள். இரும்பு முனைப் பேனாவால் அழுத்தினால் மெழுகு விலகும், அந்த வழியாகத்தான் மை இறங்கும். கொஞ்சம் கூட அழுத்திவிட்டால் எழுத்தின் சுழி அப்படியே வட்டமாகக் கழன்று விழுந்துவிடும். நம் ‘ண’வுக்குத்தான் எத்தனை சுழி! கடைசிப் பக்கத்தில், பாதி எழுதியபின், ஒரு சுழி விழுந்தது. அச்சில் அது கரும்புள்ளியாகத்தான் வரும். திருத்தும் திரவமும் தீர்ந்துபோயிருந்தது. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அவன் ஒன்றும் சொல்லாமல் பேனாவை வாங்கினான். ஓட்டையைச் சுற்றி நாலு கோடு. புள்ளி கண்ணாகிவிட்டது, ஒரு குருவி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது.

சஞ்சிகை வந்ததும் எல்லாரும் கேட்டது அந்தக் குருவியைத்தான். அப்புறம் ஒவ்வோர் இதழிலும் எங்காவது ஒரு குருவியை ஒளித்துவைத்தோம். அதைத் தேடுவதற்காகவே பிள்ளைகள் அவன் மேசையைச் சுற்றி நின்றார்கள்.

வெளிநாட்டுக்கு வந்த புதிதில் யாரையும் தெரியாத நகரமொன்றில் ஒரு பாடகர் குழுவில் சேர்ந்தேன். இரண்டாம் வாரமே பக்கத்தில் நிற்பவர்கள் என் ஆட்களாகிவிட்டார்கள். இதன் காரணத்தைப் பிறகுதான் படித்தேன். 2013இல் சுவீடனின் கோதன்பர்க் ஆய்வாளர்கள் 18 வயதினரைச் சேர்ந்து பாடவைத்தபோது, அவர்களின் இதயத்துடிப்பு ஒன்றாகவே ஏறி இறங்கியது. பாட்டின் அடிகள் எல்லாரையும் ஒரே நேரத்தில் மூச்சுவிட வைக்கின்றன, துடிப்பும் கூடவே போகிறது.

2015இல் ஆக்ஸ்ஃபோர்ட் ஆய்வாளர்கள் இன்னொன்றைக் கண்டார்கள். பாட்டு வகுப்பில் சேர்ந்தவர்கள் தொடக்கத்திலேயே வேகமாக நெருங்கிவிட்டார்கள். கைவேலை, எழுத்து வகுப்புகளில் சேர்ந்தவர்களுக்குக் கூடுதல் காலம் பிடித்தாலும், ஏழு மாத முடிவில் அவர்களும் அதே நெருக்கத்துக்கு வந்திருந்தார்கள். எனக்கு இதில் வியப்பில்லை. பாட்டு ஒரே மூச்சில் சேர்த்துவிடுகிறது. ஒரு தாளில் இருவர் வேலை செய்யும்போதோ, ஒருவர் விட்ட பிழையை மற்றவர் கை தொடவேண்டும். அதற்கு நாள் எடுக்கும்.

அவனும் நானும் இன்று வேறு வேறு நாடுகளில் இருக்கிறோம். இந்த மலருக்கு எழுதும்படி சங்கத்திலிருந்து வந்த செய்தியை அவனுக்கு அனுப்பினேன். மறுநாள் பதில் வந்தது. ஒரு சொல்லும் இல்லை. ஒரு கரும்புள்ளி, அதைச் சுற்றி நாலு கோடு.