பட்டினி கிடந்த ஈ.கோலையும் பெராக்சைடு சோதனையும்: ஓர் ஆய்வக அனுபவம்

உணவு தீர்ந்து வளர்ச்சி நின்றுபோன ஈ.கோலை பாக்டீரியா, பெருகிக்கொண்டிருக்கும் ஈ.கோலையைவிட ஹைட்ரஜன் பெராக்சைடை நன்றாகத் தாங்கும் என்பதை ஏ. மாட்டின் (A. Matin) என்ற நுண்ணுயிரியலாளரின் குழுவினர் 1988இலேயே காட்டிவிட்டார்கள். குளுக்கோஸ் தீர்ந்த வளர்ப்பில் 15 மில்லிமோலார் பெராக்சைடைச் சேர்த்து, இடைவெளி விட்டு மாதிரி எடுத்து, பிழைத்தவற்றை எண்ண வேண்டும், அவ்வளவுதான் வேலை. புதிதாகச் சேர்பவர்களுக்குக் கை பழகக் கொடுக்கும் இந்தச் சோதனை என் ஆய்வுக் காலத்தில் ஒரு பருவத்தையே விழுங்கிவிட்டது.

முதல் தடை ஸ்டோரில். பல கோடைகளைக் கண்ட ஒரு புட்டி தீர்ந்தால்தான் புதிய இன்டென்ட் (கொள்முதல் கோரிக்கை) போட முடியும் என்றார் பொறுப்பாளர். பெராக்சைடு சிதைந்தால் தண்ணீரும் ஆக்சிஜனுமே மிஞ்சும். ஆகவே "பார்க்கத் தெளிவாகத்தானே இருக்கிறது" என்ற அவருடைய வாதத்தை மறுக்கவும் முடியவில்லை. 240 நானோமீட்டர் ஒளியை அது எவ்வளவு உட்கவர்கிறது என்று அளந்து, மோலார் உட்கவர்வு எண் 43.6ஆல் வகுத்துச் செறிவைப் பார்த்தபோது, லேபிளில் போட்டிருந்த 30 சதவீதத்தில் பாதிகூடத் தேறவில்லை. அந்த அளவீட்டில் நெறியாளரின் கையெழுத்தை வாங்கிக் கொடுத்த பிறகே புதுப் புட்டி வந்தது. லேபிளை நம்பாதீர்கள், சோதனை நாளன்று காலையில் அளந்துவிடுங்கள்.

நல்ல பெராக்சைடு கைக்கு வந்ததும் பட்டினி செல்கள் கொத்துக் கொத்தாகச் செத்தன. வளர்ச்சி நிற்கும்போது ஆர்.பி.ஓ.எஸ். (RpoS) என்னும் சிக்மா காரணி, அதாவது குறிப்பிட்ட மரபணுக்களை இயக்கிவிடும் புரதம், பெராக்சைடைச் சிதைக்கும் கேட்-ஈ (KatE) கேட்டலேஸ் நொதியையும் டி.பி.எஸ். (Dps) புரதத்தையும் முன்கூட்டியே செய்து வைக்கும். பன்னிரண்டு துணை அலகுகள் கொண்ட டி.பி.எஸ். கூடு, பெராக்சைடுடன் சேர்ந்து ஹைட்ராக்சில் என்னும் தீவிரமாக வினைபுரியும் தனி உறுப்பை உண்டாக்கி டி.என்.ஏ.வை வெட்டக்கூடிய இரும்பை உள்ளே அடைத்துவிடுகிறது. பழுதான புரதங்களுக்குப் பதில் புதியவற்றைத் தாராளமாகச் செய்துகொள்ள இயலாத செல்லுக்கு இந்த முன்னேற்பாடுதான் கவசம். எங்கள் செல்களில் அது இல்லாததுபோல் தோன்றியதால், தட்டில் இருந்த காலனிகள் மீது பெராக்சைடைச் சொட்டினேன்; கேட்டலேஸ் இருந்தால் ஆக்சிஜன் நுரைத்து எழும். ஒப்பீட்டுக்கு வைத்திருந்த வேறொரு இயல்வகை (பிறழ்வு இல்லாத வகை) காலனி உடனே வெள்ளையாகப் பொங்கி வழிந்தது. எங்களுடையதில் நாலைந்து குமிழிகள் சோம்பலாக எழுந்து அடங்கின. ஆர்.பி.ஓ.எஸ். இயங்கும் செல்களில் சேரும் கிளைக்கோஜன் அயோடின் பட்டால் கரும்பழுப்பாகும்; குளிரில் வைத்திருந்த எங்கள் தட்டில் அயோடினை ஊற்றியபோதும் அது அப்படி ஆகாமல் வெளிர் மஞ்சளாகவே நின்றது. 'இயல்வகை' என்று எழுதி எங்களுக்கு அனுப்பப்பட்டிருந்த அந்த வளர்ப்பு, அறை வெப்பத்தில் நெடுங்காலம் கிடந்த அகார் குழாயிலிருந்து எடுக்கப்பட்டதாம். அத்தகைய குழாய்களில் ஆர்.பி.ஓ.எஸ். பழுதான பிறழ்வுகள் பட்டினியிலும் முந்திப் பெருகி இடத்தைப் பிடித்துக்கொள்வது தெரிந்த செய்திதான். அனுப்பியவர்கள் ஒரு வரி எழுதியிருக்கலாம். மாற்று வளர்ப்பைக் கேட்டதற்கு, ஒப்பந்தப் படிவத்தை மறுபடி முதலிலிருந்து நிரப்பச் சொன்னார்கள். இந்தச் சொட்டுச் சோதனைக்கு ஐந்து நிமிடம் போதும். எந்த வளர்ப்பு வந்தாலும் முதலில் அதைச் செய்துவிடுங்கள்.

உறைநிலையில் வைத்திருந்த வளர்ப்பு வந்தபின் வளர்த்தல், கழுவுதல் எல்லாம் சிக்கலின்றி நடந்தன. இரண்டு எச்சரிக்கைகள் மட்டும் சொல்ல வேண்டும். மில்லிலிட்டருக்கு நூறு கோடி செல்கள் இருந்தால் அவற்றின் கேட்டலேஸே பெராக்சைடைக் குடித்துத் தீர்த்துவிடும். கூட்டத்தின் பலத்தைத் தனிச் செல்லின் பலமாக எண்ணாமலிருக்க, வளரும் செல்கள், பட்டினி செல்கள் இரண்டையும் ஒரே அடர்த்திக்கு நீர்க்கச் செய்யுங்கள். பட்டினி செல்களை நீர்க்கச் செய்யும் நீர்மத்தில் குளுக்கோஸ் கூடவே கூடாது, இல்லையெனில் அவை மறுபடி வளரத் தொடங்கிவிடும். அடுத்து, பாஸ்பேட்டையும் தட்டின் கூழான அகாரையும் சேர்த்து ஆட்டோகிளேவ் செய்தால் (அழுத்த நீராவியில் கிருமி நீக்கினால்) தட்டிலேயே பெராக்சைடு உருவாகும்; சோதனையில் பிழைத்து வந்த செல் எண்ணும் தட்டில் சாகும். இரண்டையும் தனித்தனியே ஆட்டோகிளேவ் செய்து, தட்டில் பெராக்சைடை அழிக்கும் சோடியம் பைருவேட்டையும் கொஞ்சம் சேர்த்ததும் எண்ணிக்கை கண்கூடாக ஏறியது.

கடைசியில், பிழைத்தவற்றின் எண்ணிக்கையைக் காட்டும் வரைபடத்தில் வளரும் செல்களின் கோடு செங்குத்தாகச் சரிய, பட்டினி செல்களின் கோடு ஏறக்குறையப் படுத்தே இருந்தது. பழைய வளர்ப்பை நான் தூக்கி எறியவில்லை, ஆர்.பி.ஓ.எஸ். இல்லாத ஒப்பீட்டு வகையாக அதே வரைபடத்தில் மூன்றாவது கோடாக அதையும் சேர்த்துவிட்டேன்.