வெள்ளவத்தைக்குப் போகும் இரவுப் பிரதி

யாழ்ப்பாணத் திருநெல்வேலியில் உள்ள எங்கள் சிறிய அலுவலகத்தில் பழைய சஞ்சிகைகளையும் கோயில் மலர்களையும் பாடசாலை ஆண்டிதழ்களையும் ஸ்கான் செய்து சேமித்து வருகிறோம். படிமங்கள் மட்டும் 1.6 டெராபைட் வரும். எது எந்த இதழின் எந்தப் பக்கம் என்ற விவரம் முழுவதும் ஒரு போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தில் இருக்கிறது. ஒவ்வோர் இரவும் 11 மணிக்குச் சேர்வர் தானாகவே காப்புப் பிரதி எடுத்து, அதனுடன் இணைத்த வன்தட்டில் எழுதிவிடும். வெள்ளிக்கிழமை தோறும் அந்த வன்தட்டைக் கழற்றி, வேறொன்றை மாட்டிவிட்டுக் கொக்குவிலில் உள்ள என் வீட்டுக்குக் கொண்டுபோவது என் பொறுப்பாக இருந்தது.

ஒரு மார்கழியில் டெங்குக் காய்ச்சலில் மூன்று கிழமை படுத்துவிட்டேன். திரும்பி வந்தபோது வன்தட்டு மாட்டியபடியே இருந்தது. எங்கள் செயற்குழுவின் மூத்தவர், "தம்பி, அப்ப இந்த மூண்டு கிழமையும் எல்லாம் ஒரே கூரைக்குக் கீழயோ கிடந்தது?" என்று கேட்டார். 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்து ஏறத்தாழ 97,000 நூல்களும் சுவடிகளும் அழிந்தபோது இளைஞராக இருந்தவர் அவர். அதனால் அந்தக் கேள்விக்குச் சமாதானம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அலுவலகத்துக்கு வெளியே இருக்கும் பிரதி ஒருவரின் உடல்நலத்தை நம்பியிருக்கக்கூடாது என்று முடிவெடுத்தோம்.

கொழும்பு வெள்ளவத்தையில் ஒரு நண்பரின் அலுவலகத்தில் சிறிய கணினி ஒன்றை வைக்க இடம் கிடைத்தது. எங்கள் இணைப்பின் பதிவேற்ற வேகம் செக்கனுக்கு 10 மெகாபிட். அதாவது மணிக்கு 4.5 ஜிகாபைட். நள்ளிரவு முதல் காலை 6 மணி வரை மட்டும் அனுப்பினால் முதற்பிரதி போய்ச் சேர இரண்டு மாதம் பிடிக்கும். ஆகவே அதை இங்கேயே எடுத்து, வன்தட்டை இரவுப் பேருந்தில் கொழும்புக்குக் கொண்டுபோனேன். அதன்பின் அன்றன்று சேர்ந்தவை மட்டும், பெரும்பாலும் 6 முதல் 8 ஜிகாபைட் வரை, ரெஸ்டிக் என்ற காப்புப் பிரதி மென்பொருள் மூலம் குறியாக்கம் செய்யப்பட்டுப் போகின்றன. யாழ்ப்பாணத்துச் சேர்வருக்கு அங்கே புதிதாகச் சேர்க்க மட்டுமே உரிமை உண்டு, அழிக்க உரிமை இல்லை. இங்கே யாராவது ஊடுருவினாலும் அங்குள்ள பிரதியைத் தொட முடியாது. பழையவற்றைக் கழிக்கும் வேலையை மாதம் ஒருமுறை வெள்ளவத்தைக் கணினியே செய்கிறது. கடவுச்சொல் தொலைந்தால் எதையும் மீட்க முடியாது என்பதால், அதைத் தாளில் எழுதி இரண்டு வீடுகளில் வைத்திருக்கிறோம்.

கையால் இயக்கியபோது ஒழுங்காக ஓடிய நிரல், குறித்த நேரத்தில் வேலைகளைத் தானாக இயக்கும் குரோனில் போட்டதும் நின்றது. குரோனுக்கு என் கணக்கின் சூழல் மாறிகள், அதாவது நிரல் இயங்கத் தேவையான அமைப்புகள், தெரியாது. அதைத் திருத்தியபின், நள்ளிரவு 12:30க்கு என்று எழுதிய வேலை காலை 6 மணிக்குத் தொடங்கியது. சேர்வரின் கடிகாரம், இலங்கை நேரத்துக்கு ஐந்தரை மணி பின்தங்கிய உலகப் பொது நேரத்தில் இருந்தது. 11 மணிப் பிரதிக்கு எனக்கு முன்பிருந்தவர் 17:30 என்று எழுதியிருந்ததன் காரணம் அன்றுதான் எனக்கு விளங்கியது.

இவை சிறிய விடயங்கள். என்னை உண்மையில் உலுக்கியது வேறு. இரண்டாம் மாதம், வெள்ளவத்தைப் பிரதியிலிருந்து தரவுத்தளத்தை மீட்டுப் பார்த்தேன். விரிந்தது வெற்றுக் கோப்பு. சுருக்கிய கோப்பின் அளவு 20 பைட். ஒன்றுமில்லாததை ஜீஸிப் என்ற சுருக்கும் கருவியில் இட்டால் வரும் அளவு அது. பதினொரு நாட்களுக்கு முன் தரவுத்தளத்தின் கடவுச்சொல்லை மாற்றியிருந்தோம். அதனால், தரவுத்தளத்தைப் பிரதியெடுக்கும் பீஜி டம்ப் கட்டளை ஒவ்வோர் இரவும் தோல்வியடைந்தது. ஆனால் அதன் வெளியீட்டைக் குழாய்வழி, அதாவது நேரடியாக, வாங்கிச் சுருக்கிய ஜீஸிப் வெற்றி என்றே அறிவித்ததால், நிரல் அந்த 20 பைட்டையும் அக்கறையாகக் கொழும்புக்கு அனுப்பிக்கொண்டிருந்தது. பதிவேடுகள் எல்லாவற்றிலும் வெற்றி என்றே இருந்தது. அந்தப் பதினொரு நாட்களில் சேர்வர் பழுதாகியிருந்தால், படிமங்கள் தப்பியிருக்கும். ஆனால் அந்நாட்களில் ஏற்றியவை எந்தப் பக்கங்கள் என்று எவருக்கும் தெரிந்திருக்காது. நிரலின் தலையில் பைப்ஃபெயில் என்ற அமைப்பை ஒரு வரியாகச் சேர்த்தேன். அதன்பின் குழாயின் எந்தக் கண்ணி உடைந்தாலும் முழு வேலையும் தோல்வியாகவே கொள்ளப்படுகிறது.

அத்தோடு, அறிவிக்கும் பொறுப்பையும் மாற்றினேன். நின்றுபோன சேர்வரால் தான் நின்றுவிட்டதைச் சொல்ல முடியாது. காலை 7 மணிக்கு வெள்ளவத்தைக் கணினி, அன்றைய பிரதி வந்ததா, தரவுத்தளக் கோப்பு முந்தைய நாளினதைவிடச் சுருங்கிவிட்டதா என்று பார்த்து, குறை இருந்தால் எனக்கும் இன்னொருவருக்கும் குறுஞ்செய்தி அனுப்பும். மாதத்தின் முதல் ஞாயிறு அது தானாகவே வெற்றுத் தரவுத்தளமொன்றில் மீட்டு, பதிவுகளை எண்ணிக் காட்டும்.

கடந்த கார்த்திகை மழையில் மின்னல் தாக்கிச் சேர்வரும் அதனுடன் மாட்டியிருந்த வன்தட்டும் ஒன்றாகப் பழுதாகின. காலை 7 மணிக்குக் குறுஞ்செய்தி வந்தது. முந்தைய இரவின் தரவுத்தளத்தை இணையம் வழியாக அன்று மாலையே இரவல் கணினியொன்றில் மீட்டுவிட்டோம். படிமங்கள் இரண்டு நாள் கழித்து, போன அதே இரவுப் பேருந்தில் வன்தட்டாகத் திரும்பி வந்தன.