ஏத்தத்துல வேன் இழுக்கலையா?

மாஞ்சோலை ஏத்தத்துல டீசல் வேன் திடீர்னு இழுவை போயி, 3000 ஆர்பிஎம் தாண்ட மாட்டேங்குது, எஞ்சின் லைட்டும் எரியுதுன்னா அது லிம்ப் மோடு. எஞ்சினையும், அதுக்குள்ள காத்தை அழுத்தித் தள்ளுற டர்போவையும் காப்பாத்த இசிஎம் (எஞ்சினைக் கட்டுப்படுத்துற கம்ப்யூட்டர்) தானா பவரைக் குறைக்குது. சாவியை ஆஃப் பண்ணி ஆன் பண்ணா சில நேரம் சரியாகும். அடுத்த ஏத்தத்துல திரும்ப வந்துரும்.

உடனே டர்போவை மாத்தச் சொன்னா சம்மதிச்சிராதீய. ஸ்கேனர்ல பி0299ங்கிற கோளாறு கோடு காட்டுனா பூஸ்ட், அதாவது டர்போ தள்ளுற காத்தழுத்தம், குறைவுன்னுதான் அர்த்தம். மொதல்ல இன்டர்கூலர் (டர்போ காத்தைக் குளுத்துற பாகம்) ஹோஸோட அடிப்பக்கம் தடவிப் பாருங்க. ஆயில் பிசுக்கு கையில ஒட்டுற எடத்துலதான் பெரும்பாலும் கிழிசல் இருக்கும். ஐடிலிங்ல தெரியாது, லோடுல பூஸ்ட் ஏறும்போதுதான் வாய் பிளக்கும். டேப் சுத்துறது வீண் வேலை, ஹோஸையே மாத்துங்க. அடுத்து டர்போவைக் கட்டுப்படுத்துற வேக்குவம் டியூப்பைப் பாருங்க. நம்ம ஊரு வெயிலுக்கு ரப்பர் வெடிச்சிரும்.

பி0234 வந்தா கதையே வேற. அது பூஸ்ட் கூடுதல், டர்போ உள்ள கரி இறுகியிருக்கலாம்.